இருமல்

அந்தப் பாட்டு இப்போது ஊருக்கே தெரியும்.
இட்வால் எழுதியது.
தான் வெளியிடாமல்
லண்டன்காரி ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.
அவள் பாடியதில் முப்பது வயலின்.
சூப்பர் மார்க்கெட்டில் ஓடுகிறது,
மீன் விற்கும் பக்கம்.

எங்களிடம் இருப்பது கேசட்,
நகலுக்கு நகலுக்கு நகல்.
ஸ்வான்சியில், அவன் சமையலறையில்,
மழை நாளொன்றில் பதிந்தது.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஓர் இருமல்.
நாற்காலி கிறீச்சிடும்.
"மன்னிக்கணும்" என்பான் யாரிடமோ.

யாரிடம் என்பதில்
நெரிஸுக்கும் எனக்கும் பதினோரு வருஷச் சண்டை.
நாயிடம் என்கிறாள்.
நாய் வளர்த்தவன் குரலா அது?

போன சனிக்கிழமை கெத்தின் கல்யாணம்.
முதல் நடனத்துக்கு அதே பாட்டு,
அவள் பாடியது.
கெத்தினுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.
விளக்கு மங்க, வயலின்கள் ஏற,
வந்தது அந்த இடம்:
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி
சுத்தமாக.

என்னை மீறி இருமிவிட்டேன்.

மண்டபத்தின் அந்தக் கோடியில்
கோப்பை பொறுக்கிக்கொண்டிருந்த பையன்
நாற்காலி ஒன்றைத் தரையோடு இழுத்தான்;
என்னைப் பார்த்து, சத்தமில்லாமல்,
மன்னிக்கணும் என்றான்.

யாரிடம் என்று கேட்க எழுந்தேன்.
அதற்குள் கேக் வெட்டக்
கூப்பிட்டுவிட்டார்கள்.