பக்கம் நாற்பத்தொன்றில் பென்சில்

இந்தக் குளிர்காலத்தில் ஒன்பது கொலைகள் படித்தேன்.
பத்து என்கிறாள் நூலகத்து ஊர்வே, கணினியைப் பார்த்து.
ஒன்றைப் பாதியில் விட்டேன், அது கணக்கில் வராது.
முதல் அத்தியாயத்திலேயே
செத்தவள் அழகாக இருந்தாள்.

குரெஸ்ஸாரே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
பதினேழு வருடமாகப் பிணங்களைக் கழுவி
தலைவாரி விடுகிறவள் நான்.
அழகாக யாரும் வந்ததில்லை.
அசிங்கமாகவும் இல்லை.
காலுறையில் ஓட்டை,
சட்டைப்பையில் மளிகைச் சீட்டு:
பால், பேட்டரி, பூனைக்கு ஏதாவது.
இவ்வளவு புத்தகத்தில் ஒன்றிலாவது
செத்தவனின் பூனை பசியோடு இருந்திருக்கலாம்.

துப்பறிகிறவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு.
எல்லோரும் விவாகரத்தானவர்கள்.
எல்லோருக்கும் ஒரு மகள், போனை எடுக்கமாட்டாள்.
ராத்திரி ஒரு பாட்டில் விஸ்கி,
காலையில் கண்ணாடிபோல் மூளை.
எங்கள் காவலர் ராய்வோ
ஒரு பியர் குடித்தால் மறுநாள் முழுக்கச் சாவியைத் தேடுவார்.
நாவலில் அவர்கள் சவக்கிடங்கில் நின்று
சாண்ட்விச் தின்கிறார்கள்.
அதைத் துணிச்சல் என்று எழுதியவர் நினைக்கிறார் போல.
ராய்வோ வாசலைத் தாண்டமாட்டார்.
தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு
கடல் எப்போது உறையும் என்று கேட்பார்.

நடுவில் ஒரு விண்கப்பல் கதை.
அட்டையின் நீலம் பிடித்ததால் எடுத்தேன்.
நானூறு வருடப் பயணம், மூவாயிரம் பேர்,
தரை துடைக்க ஒருவர் இல்லை.
ஆனாலும் ஓர் இடம்.
கப்பலில் முதல் சாவு; எல்லோரும் கூடுகிறார்கள்;
பாட வேண்டிய பாட்டு யாருக்கும் ஞாபகமில்லை.
அங்கே புத்தகத்தை மூடிவைத்து
கெட்டில் கொதித்து ஓயும்வரை உட்கார்ந்திருந்தேன்.
எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.
மீதி முந்நூறு பக்கமும் லேசர் சண்டை. போகட்டும்.

பேய்க்கதை பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
படித்தால் ஓவர்டைம் பார்ப்பதுபோல் இருக்கிறது.

ஏழாவது கொலைக்கு வருகிறேன்.
பனிப்புயல், மூடிய சாலை, ஒரு பண்ணைவீடு,
உள்ளே மாட்டிக்கொண்ட ஆறு பேர்.
நாற்பத்தொன்றாம் பக்கத்து ஓரத்தில்
யாரோ பென்சிலால்:
“டாக்டர்தான்.”

நாசமாய்ப் போக என்று வாய்விட்டே திட்டினேன்.
அப்புறம் முந்நூறு பக்கம்
அந்த டாக்டரை விட்டுக் கண் எடுக்கவில்லை.
ஒவ்வொரு விரலாகக் கையுறை கழற்றுகிறார்.
சமையற்காரியின் பையனுக்கு மிட்டாய் தருகிறார்.
மாடிப்படியில் நின்று எல்லோரிடமும்
‘நன்றாகத் தூங்குங்கள்’ என்கிறார்.
எனக்கு முதுகு சில்லிட்டது.
இவ்வளவு கனிவான கொலைகாரனை
நான் எங்கேயும் படித்ததில்லை.

கடைசி அத்தியாயத்தில் பிடிபட்டவன்
தோட்டக்காரனின் தம்பி.
அதுவரை கதையில் இரண்டு தடவை இருமியிருக்கிறான்.
டாக்டர் நல்லவர்.
வெறும் நல்லவர்.

என் அபிப்பிராயம் கேட்டால்,
புத்தகம் சுமார், பென்சில் பிரமாதம்.

எனக்கு முன்னால் யார் எடுத்தார்கள் என்று ஊர்வேயிடம் கேட்டேன்.
சொல்லக்கூடாதாம், விதி.
அவள் காதிடுக்கில் ஒரு பென்சில் இருந்தது.
நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு இருக்கத்தானே செய்யும்.
அதை வைத்து ஒருவரைப் பிடிக்கக்கூடாது என்று
ஒன்பது நாவல் படித்தவளுக்குத் தெரியாதா.

மேல்மாடி டாக்டர் ஆர்வெத்
நேற்றிரவு கிளம்பும்போது
‘தூக்கம் வருகிறதா?’ என்று அன்பாகத்தான் கேட்டார்.
நான் அவர் கையுறையைப் பார்த்தேன்.

ஒன்பதாவதை இன்று திருப்பிக் கொடுத்தேன்.
இருபத்தாறாம் பக்கத்தில்,
உடலைக் கண்டெடுக்கிற வரிக்குப் பக்கத்தில்
சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறேன்:
“பூனையைக் கவனிக்கவும்.”

அந்த நாவலில் பூனையே கிடையாது.