பல் தெரியக்கூடாது

விசா படத்துக்குச்
சிரிக்கக்கூடாது என்றேன்.
சிஹ்லே நான்கு முறை சிரித்தான்.
ஐந்தாவதில் அவன் அம்மா சோத்வா
மடியிலிருந்த டிரம்பெட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.
அழுகைக்கு முந்தைய முகம் கிடைத்தது. அது போதும்.

பெயர் மாற்றியும் எங்களுக்கு இது கிரே ஸ்ட்ரீட்தான்.
என் ஸ்டுடியோ வாசல் அவர்களுக்கு மேடை.
வாடகை கேட்டதில்லை;
சில நாள் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

ஆறு பேருக்குப் படம் எடுத்தேன்.
ஐந்து விசா வந்தது.
எண்ணெய் டின்னில் ஒற்றைக் கம்பி கட்டி வாசிக்கும்
சித்தப்பா லிண்டானியின் விரல்களில்
ரேகை விழவில்லையாம்.
கம்பி தின்றுவிட்டது.

அங்கே கோடை, இங்கே ஜூலைக் குளிர்.
கடிகாரம் மட்டும்
லியோனுக்கும் டர்பனுக்கும் ஒன்று.
மாலை ஆறுக்கு வருகிறான்,
டின்னைக் கவிழ்த்துக் காலால் அழுத்தி
தன் பங்கை மட்டும் வாசிக்கிறான்.
டும். டும்டும். வெகுநேரம் ஒன்றுமில்லை. டும்.

டாக்ஸிக்கு நின்ற ஒருவர்
பைப் ரிப்பேரா என்று கேட்டார்.

நான் உள்ளே
யாரோ ஒருவரின் முகத்தைச் சதுரமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்.
அந்த ஒன்றுமில்லாத இடம் வரும்போது
கத்தரி நிற்கிறது:
இங்கே சோத்வா குரல்,
இதோ டிரம்பெட்.
சிஹ்லே எப்போதும் அரை மாத்திரை முந்துவான்.
இன்றும் முந்தினான்.