வீட்டுக்குள்ளேயே

வழக்கை ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.
அதுவரை எனக்கொரு வீடு வேண்டும்
மூன்றே மாதத்துக்கு,
பூச்சோங்கில், அவன் பள்ளிக்குப் பக்கமாக.
துணி துவைக்கும் மெஷின்
வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

முதல் ஏஜெண்ட் சிரித்தாள்.
ஒரு வருடத்துக்குக் குறைந்து
யார் கொடுப்பார், பாஸ்?

அடுத்தவர் போனில் பெயர் கேட்டார்.
குணாளன் என்றேன்.
கொஞ்ச நேரம் அங்கே காற்று மட்டும்.
பிறகு, வீடு இப்போதுதான் போய்விட்டது என்றார்.
ஒரு வாரம் கழித்தும் விளம்பரத்தில்
அதே பச்சை சோபா
யாரையோ எதிர்பார்த்துக்கொண்டு.

கின்ராராவில் பதினோராவது மாடி.
நல்ல வெளிச்சம், தூரத்தில் எல்ஆர்டி ஓடுவது தெரிந்தது.
மெஷின்?
கீழே, கார் நிறுத்துமிடத்தில், ஆறு இருக்கிறது.
காவலர் இருபத்துநாலு மணி நேரமும்
பார்த்துக்கொண்டிருப்பார், பயமில்லை.

எனக்குப் பயமே
அவர் பார்ப்பதுதான்.

இன்னொரு இடத்தில் எதிரிலேயே தோபி.
துவைத்துக் காயவைக்கப் பத்து வெள்ளி,
தனி ஆளுக்கு இது போதாதா என்றான்
சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு.
போதும்தான்,
தனி ஆளாக இருந்தால்.

கடைசியில் மேடம் ஃபாங்.
மகள் செப்டம்பரில்தான் மெல்பர்னிலிருந்து வருகிறாளாம்.
இரண்டு மாத முன்பணம், ரொக்கமாக.
கறி சமைப்பாயா?
முட்டை பொரிப்பேன்.
முட்டை பரவாயில்லை.

மெஷின் சமையலறைக்குப் பின்னால்
ஒரு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றது.
கதவு சரியாகச் சாத்தாது, இப்படி என்று
அறுபது வயதில் இடுப்பால் ஓர் இடி இடித்துக் காட்டினார்.
ஹால் எவ்வளவு பெரிசு, நீ
மெஷினையே பார்க்கிறாயே?
எனக்கு வியர்வை அதிகம், மேடம்.

முதல் சனிக்கிழமை, இரவு இரண்டரை.
கண் விழித்தால்
கட்டிலோரம் யுவனேஷ் நிற்கிறான்,
ஏழு வயது, எழுப்பவும் இல்லை, அழவும் இல்லை,
ஈரக் கால்சட்டையை உடம்பில் ஒட்டவிடாமல்
இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு.
நாலு வருடமாக நின்றிருந்தது.
பிப்ரவரியிலிருந்து மறுபடி.

ஹால் விளக்கைப் போடவில்லை.
விரிப்பு, தலையணை உறை,
டைனோசர் போட்ட கால்சட்டை எல்லாம் உள்ளே.
அவன் தூளை அள்ளிப் போட்டான், கொஞ்சம் தரையிலும்.
கதவை அவனே இடுப்பால் இடித்தான்.
சாத்தவில்லை.
இருவரும் சேர்ந்து இடித்தோம்.
அப்போதுதான் சிரித்தான்.

முப்பத்தெட்டு நிமிடம் என்று சிவப்பில் காட்டியது.
என் சட்டைக்குள் அவன்,
இருவரும் குளிர்ந்த டைல்ஸில்.
கண்ணாடிக்குப் பின்னால் டைனோசர்
தலைகீழாகப் போனது, வந்தது.

அம்மாகிட்ட சொல்வீங்களா?
எதை?

யோசித்தான்.
ஒண்ணுமில்ல, என்றான்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் தூங்கிவிட்டான்.
ஆறில் என் தொடை மரத்துப்போனது.
கதவு சாத்தாததைச் சொன்ன மேடம் ஃபாங்
ஒன்றைச் சொல்லவில்லை:
துவைத்து முடித்ததும் இந்த மெஷின்
உரக்க ஒரு பாட்டுப் பாடும்,
நீளமாக, உற்சாகமாக,
மூன்று மணிக்குப் பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து.

பொத்தான் கைக்கு எட்டவில்லை.
அவன் காதை ஒரு கையால் மூடிக்கொண்டு
முழுவதையும் கேட்டேன்.