பிரிபடாத பங்கு

உறுதியில் எங்கள் காணிக்கு நாலு எல்லை.
கிழக்குக் கடல்.
மேற்கு சந்தியோகு பெண்சாதி ஞானம்மாவும் பங்காளரும்.
வடக்கும் தெற்கும் ஒழுங்கை.
ஒழுங்கை எங்கே என்று கேட்டால்
மணலைத்தான் காட்டவேண்டும்.
இருபத்திரண்டு பரப்பில்
ஆறு தென்னை, ஒரு உப்புக் கிணறு,
மற்றதெல்லாம் தாழை.

இதைக் கேட்டுத்தான் நாகர்கோவில் வரை வந்தது கம்பனி.
கடலடியில் எரிவாயு இருக்கலாமாம்.
இருந்தால், குழாய் ஏற ஒரு கரை வேண்டுமாம்.
முப்பது வருஷக் குத்தகை.
அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லை
கம்பனிப் பெடியன் மெதுவாகச் சொன்னான்.
தமிழில் அவனுக்கு
எல்லாச் சொல்லும் மெதுவாகத்தான் வந்தது.

அகுஸ்தீன் அண்ணன் ஸ்காபரோவிலிருந்து
வாட்ஸப்பில் சத்தம் போட்டார்:
பரப்புக்கு மாசம் இருபதினாயிரத்துக்குக் குறையாதே.
பாரிஸிலிருந்து ஜெசிந்தா அக்கா:
அற்றோணி அனுப்புறன்,
என்ர காசை மட்டும் புறம்பாப் போடு.

சட்டத்தரணி கேதாரநாதன் இருப்பது
பருத்தித்துறையில், போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடியில்.
முதல் நாளே சொன்னார்:
“நிலத்துக்குக் கீழே இருக்கிறது அரசாங்கத்தின்ர.
கடலுக்குக் கீழே இருக்கிறதும் அரசாங்கத்தின்ர.
நீங்கள் பேரம் பேசுறது
மேலே கிடக்கிற மணலுக்கு மட்டும்.”
இதைச் சொன்னதற்கு ஐயாயிரம்.
துண்டு எழுதித் தந்தார்.

கெட்டிக்காரர், குறை சொல்லமாட்டேன்.
பதினேழில் தொடங்கிய வாடகையை
இருபத்தாறுக்கு ஏற்றினார்.
மூன்று வருஷத்துக்கு ஒருக்கால் பத்து வீதம் கூடும்.
கரைவலைக்காரருக்கு இருபதடிப் பாதை,
அது நான் கேட்டது.
கம்பனி பன்னிரண்டு என்றது.
பதினாறில் நின்றது.
முதல் வருஷ வாடகையில் கால்வாசி தனக்கு என்றார்.
அண்ணன் அரைவாசி என்று பயந்திருந்தாராம்,
சத்தம் காட்டவில்லை.

பிறகு தோம்பு பார்த்தார்.
“ஆறு பிள்ளைகள். ஐந்து கையெழுத்து.
ஆறாவது?”

யூஜின்.
கடைக்குட்டி. படகு எஞ்சின் திருத்துவான்.
கடைசிச் சித்திரை, நீலச் சாரம்,
இடது காலில் செருப்பில்லை.
மூன்று ஆணைக்குழுவுக்குச் சொன்னதையே
இவருக்கும் சொன்னேன்.
அவர்கள் எழுதினார்கள்.
இவர் பேனையை மூடி வைத்தார்.

கம்பனிக்கு வில்லங்கமில்லாத உறுதி வேண்டும்.
இறப்புச் சான்றிதழ் என்றால் ஒரு மாசம்.
காணாமற்போனவர் என்றால்
நீதிமன்றம், தவணை, பிறகும் தவணை.
இரண்டுக்கும் விலை சொன்னார்.
செத்தவன் மலிவு.

“அவன்ர பங்கை விட்டிட்டு
மிச்சத்தைக் குடுத்தால்?”
“எந்தப் பக்கம் அவற்ர?
பிரிபடாத ஆறிலொரு பங்கு என்றுதான் கிடக்கு.
பிரிபடாத என்றால்
இந்த மூலை, அந்த மூலை என்று இல்லை, தங்கச்சி.
எங்கே நின்று ஒரு பிடி மண் அள்ளினாலும்
அதில் ஆறிலொன்று அவருடையது.”

பதினைந்து வருஷத்தில்
ஒருத்தரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

கூடின செலவுக்கே கையெழுத்து வைத்தேன்.
அண்ணன் மூன்று நாள் கதைக்கவில்லை.
யூஜினின் பங்கு அவன் பேரில் வங்கியில் விழும்,
எடுக்க அவனே வரவேண்டும்.
அந்த ஒரு வசனத்துக்கு இரண்டு தரம் தாள் மாறியது.
‘வராவிட்டால்?’ என்று
கொழும்புச் சட்டத்தரணி சிவப்பு மையில் கேட்டார்.
இவர் கீழே எழுதினார்:
‘கணக்கில் கிடக்கும்.’

கட்டண விபரம் வந்தது, இரண்டு தாள்.
முத்திரை. பதிவு. அற்றோணி இரண்டு.
தோம்பு தேடிய கூலி.
கொழும்புக்குத் தொலைபேசி.
பதினோராவது வரி,
‘யூஜின் சம்பந்தமாகக் கதைத்தது.’
நேரே தொகை இல்லை,
சின்னதாய் ஒரு கோடு.
கேட்டால் மறந்துபோச்சு என்பார்.
நான் கேட்கவில்லை.

இப்போது கரையில் முளைகள் நிற்கின்றன,
சிவப்பு றிபன் கட்டி, இலக்கம் போட்டு.
வாடை தொடங்கினால்
ஏழாம் இலக்கத்தைக் கடல் எடுக்கும்.
அதை உறுதியில் ஒருவரும் எழுதவில்லை.
கிழக்குக் கடல் என்று மட்டும் கிடக்கு.