தப்பு நோட்டு

அரையாண்டுத் தாள் தந்தார்கள்.
கணக்கு இருபத்து மூன்று.
இயற்பியல் முப்பத்தொன்று,
அதில் பாதி மனப்பாடம் செய்த வரையறைகள்.
வேதியியலைக் கேட்க வேண்டாம்,
பென்சீன் வளையம் மட்டும் அழகாய் வந்திருந்தது.

அம்மா கையெழுத்துப் போட்டாள்.
அண்டி ஆபீசிலிருந்து நேரே வந்த கை.
எந்தச் சோப்புக்கும் போகாத தோட்டெண்ணெய்
இருபத்து மூன்றின் மேல் கறுப்பாய் ஒட்டியது.
"நூறுக்கா?" என்றாள்.
"தொண்ணூறுக்கு" என்றேன்,
அது ஏதோ ஆறுதல் போல.

கருங்கல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
சுஜிலா சொன்னாள்,
"டியூஷன் போ பிள்ளே,
சப்ஜெக்டுக்கு ஆயிரத்தைந்நூறுதான்."
மூன்று சப்ஜெக்ட்.
அந்தக் கணக்கு எனக்கு ஒருபோதும் தப்பியதில்லை.

கிறிஸ்துமஸ் லீவில்
நகைக்கடை தந்த பழைய டைரியை எடுத்து
சிவப்பு விழுந்த இடங்களை மட்டும் எழுதினேன்.
கேள்வி வேண்டாம், விடை வேண்டாம்,
எங்கே வழுக்கினேன் என்பது மட்டும்.

ஒன்று: மைனஸ் அடுத்த வரிக்கு வரவில்லை.
இரண்டு: அதே மைனஸ்.
ஐந்து: அதே மைனஸ்,
அடைப்புக்குறிக்குள் செத்துக் கிடந்தது.
ஒன்பது: மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி
ஏழில் இரண்டு என்று எழுதியிருந்தேன்.
பன்னிரண்டாம் வகுப்பில்.
நீல மையில்.
அடிக்கோடிட்டு.

தொகையீடு மூன்றாம் வரிவரை சரிதான்.
நான்காம் வரியில் பின்னம் வந்தது, அங்கே படுத்துவிட்டேன்.
லென்ஸ் சூத்திரமும் சரிதான்.
இருபது சென்டிமீட்டரில் விழ வேண்டிய பிம்பம்
என் விடைப்படி
முட்டம் லைட் ஹவுசைத் தாண்டிக் கடலில் கிடந்தது.
கரைசலின் செறிவிலும் அதே பின்னம்.
மூன்று பாடத்தில் தோற்றதாய் அழுதிருந்தேன்.
ஒரே குழியில் மூன்று தடவை விழுந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி
ஜெபினின் பையிலிருந்து
ஆறாம் வகுப்புக் கணக்கைத் திருடினேன்.
பன்னிரண்டாம் வகுப்பு இரண்டாம் தொகுதிக்குள் ஒளித்து வைத்து,
லீவு முடிந்த பிறகு பஸ்ஸிலும் படித்தேன்.
பார்த்தவர்களுக்கு நான் வகைக்கெழுச் சமன்பாட்டோடு
மல்லுக்கட்டுகிற பெண்.
உள்ளே ஒரு வாழைக்குலையை
எட்டுப் பேருக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்க புக்கை எவ எடுத்தா?"
கண்டுபிடித்துவிட்டான்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான்.
"நான் திருத்தித் தாறேன்.
ஆனா செவப்புப் பேனா நீ வாங்கணும்."

தப்பு போடுவதில் அவனுக்கு இருந்த சந்தோஷம்
எந்த டீச்சருக்கும் கிடையாது.
தாளைக் கிழிக்கிற அளவுக்குப் பெருக்கல் குறி.
சரியாய் இருந்தால் வேண்டாவெறுப்பாய் ஒரு டிக்.
மைனஸ் மைனஸ் ஏன் ப்ளஸ் என்று
அவனுக்கும் தெரியவில்லை.
பதினொரு மணிவரை சண்டை,
அம்மா லைட்டை அணைத்தாள்.

ஒரு ஞாயிறு, டைரியைப் புரட்டிப் பார்த்தாள் அம்மா.
மைனஸ் தப்பு ஒரு பத்தி, பின்னம் ஒரு பத்தி,
அவசரம் ஒரு பத்தி.
முழுசு தனி, பிளவு தனி, குருணை தனி என்று
நாளெல்லாம் பருப்பு பிரிக்கிறவள்.
"ரகம் பிரிக்கியா மக்ளே?" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

முதல் திருப்புதல் தேர்வில் நாற்பத்தொன்று.
பெரிதாய் ஒன்றுமில்லை,
சுஜிலாவுக்கு எழுபத்தெட்டு.
டைரியில் இப்போது நூற்றுப் பன்னிரண்டு தப்புகள்.
மைனஸ் பத்தியில் பத்து நாளாய் ஒன்றும் சேரவில்லை.
புதிதாய் ஒரு பத்தி திறந்திருக்கிறேன்:
வழி சரி, ஏன் என்று புரியவில்லை.

அதில் பதினாறு.
ஜெபின் எட்டிப் பார்த்துவிட்டு
சிவப்புப் பேனாவை மூடிவைத்தான்.
"இது எனக்க புக்கில இல்ல" என்றான்.