ஏணிக்காரி

திருகோணமலைக்கு எங்கள் அலுவலகம் ஒதுக்கியது
ஒன்றரை நாள், பதினாறு பேர், ஒரு வேன்.
நிலாவெளியில் உப்பில் ஊறினோம்.
கன்னியாவில் ஏழு கிணற்றுக்கும் ஒரே சூடா என்று
வாளியோடு சண்டை பிடித்தோம்.
கோணேசர் மலை இறங்கும்போது
கணக்காளர் வசந்தமலர் கையிலிருந்த
பயணத்திட்டத் தாளை
ஒரு கொம்புமான் தின்றுவிட்டது,
நேற்றைய பக்கத்தையும் சேர்த்து.

அதனால் எனக்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சியது.
மற்றவர்கள் கருவாடு வாங்கப் போனார்கள்.

நான் அந்த நீல முகப்பைப் பார்த்து நடந்தேன்.
வானத்து நீலம் இல்லை, கடலுடையதும் இல்லை.
வெள்ளைச் சட்டைக்குக் கரைக்கும் நீலம்
ஒரு சிட்டிகை கூடிப்போன நிறம்.

வாசலில் கால் தானாகச் செருப்பைத் தேடியது.
கழற்றுவதா, விடுவதா?
இரண்டு சோடி கிடந்தன:
தேய்ந்த பாட்டா ஒன்று,
பட்டாம்பூச்சி ஒட்டிய குட்டிச் சோடி ஒன்று.
மூன்றாவதாய் என்னுடையதை வைத்தேன்.

உள்ளே யாரும் பாடவில்லை.
வாங்குகள், வாங்குகள், ஒரு மின்விசிறியின் முனகல்.
போனை உயர்த்தி ஏழெட்டுப் படம் எடுத்தேன்,
எல்லாரும் எடுக்கும் இடத்தில் நின்று
எல்லாரும் எடுக்கும் படம்.

"தங்கச்சி, சும்மாதானே நிக்கிறீங்கள்?
இதைக் கொஞ்சம் பிடியுங்கோ."

யோக்கீம். சங்கிலித்தாம் என்றார் தன்னை.
சங்கிலி எங்கே என்று கேட்க நினைத்து
கேட்கவில்லை.
அவர் நீட்டியது ஒரு ஏணி.

போன மாரிக்குச் சுவர் ஈரம் குடித்து
ஆணி தளர்ந்து
ஒரு படம் சரிந்து தொங்கியது.
ஒருவர் சிலுவையோடு குனிந்திருக்க
இன்னொருவர் பின்னால் தோள் கொடுக்கிறார்,
அந்த முகத்தில் பக்தி இல்லை,
பஸ்ஸை விட்டவரின் முகம்.

"யார் இவர்?" என்றேன்.
வாங்குக்கு அடியிலிருந்து பதில் வந்தது.
பட்டாம்பூச்சிச் செருப்பின் சொந்தக்காரி.

"அஞ்சாம் படம். சீமோன்.
தோட்டத்தில இருந்து வந்தவராம்.
சும்மா போனவரைப் பிடிச்சுச் சுமக்க விட்டவை."

எந்தத் தோட்டம் என்று வாய்வரை வந்தது.
பொகவந்தலாவைப் பக்கம்
அதுதான் முதல் கேள்வி.

"அவரிட்டக் கேட்டவையா?"
"இல்லை. பிடிச்சவை."
"பிறகு?"
"பிறகு ஆறாம் படம்."

மேலே சுத்தியல் விழுந்தது.
ஒவ்வொரு அடியும் ஏணி வழியே இறங்கி
என் முழங்கையில் வந்து நின்றது.
சுண்ணாம்பு தலையில் உதிர்ந்தது.
அண்ணாந்தால் தெரிந்தது
இரண்டு உள்ளங்கால்கள் மட்டும்.
வெடிப்பு, ஒரு பழைய தையல்,
பெருவிரலில் முகப்பின் நீலம்.
முன்பின் அறியாத ஒரு மனிதனின் முழுப் பாரமும்
என் இரண்டு கையில்.

வெளியே வேன் ஹோர்ன் அடித்தது.
பையில் போன் துடித்தது.
விட முடியாது.
இத்தனை வருடத்தில்
இவ்வளவு உறுதியாக எதையாவது
பிடித்திருக்கிறேனா, தெரியவில்லை.

"நேரா இருக்கா?"

அடியில் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்?
"நேர்தான்" என்றேன்.
கோயிலுக்குள் நின்று,
அதுவும் தேவையே இல்லாமல்.

அவர் இறங்க முன்னமே மீண்டும் ஹோர்ன்.
கடைசிப் படியில் கால் வைத்ததும் ஓடினேன்.
நன்றி சொன்னாரா? சொல்லியிருப்பார்.
செருப்பை மாட்டும்போது
குட்டிச் சோடியை இடறி
திரும்பக் குனிந்து சேர்த்து வைத்தது மட்டும் ஞாபகம்.

"என்னடி பார்த்த?" என்றாள் வசந்தமலர்,
மடியில் ஒரு பொதி நெத்தலியோடு.
போனைக் கொடுத்தேன்.
"அழகா இருக்கே" என்று தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.
நான் பார்த்தது அதில் இல்லை.

கந்தளாய் தாண்டியும்
உள்ளங்கையில் ஏணிக்காலின் நீலம் போகவில்லை.
வேன் முழுக்கக் கருவாட்டு வாசம்.
யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.
நான் தலையைச் சாய்த்து யோசித்துக்கொண்டு வந்தேன்,
இடப்பக்கம் ஒரு விரற்கடை
இறக்கச் சொல்லியிருக்கலாமோ என்று.