மூன்றாவது காக்கை

யெல்லோநைஃப். சனவரி. மைனஸ் முப்பத்தாறு.
பத்து மணிக்குத்தான் விடிகிறது,
அதுவும் அரைமனதாக.

விடுதியின் பின்கட்டில் சலவை அறைச் சன்னல்.
உலர்த்தியின் ஆவியில் எப்போதும் வியர்த்திருக்கும்.
முழங்கையால் ஒரு வட்டம் துடைத்து
வெளியே பார்ப்பேன்:
குப்பைத்தொட்டி, டோரீனின் பிக்கப் வண்டி,
எஞ்சின் உறையாதிருக்க அதன் மூக்கிலிருந்து
சுவருக்கு ஓடும் மின்கம்பி,
அண்டங்காக்கைகள்.

சேவல் பருமன். மூக்கோரம் பனிமீசை.
இவை கரைவதில்லை.
வாளியில் நீர் சொட்டுவதுபோல் ஒரு சத்தம்,
துருப்பிடித்த கீல்போல் இன்னொன்று.
விருந்தாளி வருவார் என்றெல்லாம் சொல்வதில்லை.
எங்களிடம் ஏற்கெனவே நாற்பது அறை விருந்தாளிகள்.

அன்று ஒரு கோழித்தொடைக்குச் சண்டை.
பெரியது சின்னதை மல்லாத்தி
காலைக் காலால் பூட்டி
நெஞ்சில் கொத்தியது.
மற்றவை சுற்றி நின்று பார்த்தன,
நாம் பார்ப்பதுபோலத்தான்.
எலும்பு போனது. பெரியதும் போனது.
சின்னது பிக்கப்பின் கூரைமேல் ஏறி
தோளைத் தூக்கிக்கொண்டு
எல்லாருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தது.
உலர்த்தியில் இன்னும் பதினெட்டு நிமிடம்.

பதினொன்று இருக்கும்போது
வந்தது இன்னொன்று.
சண்டையில் இல்லாதது.
நேராக வரவில்லை.
கூரை விளிம்பில் இறங்கி
வேறெதையோ தேடுகிற பாவனையில்
பக்கவாட்டில் ஓர் அடி. நின்று, ஓர் அடி.
சின்னது அலகைத் திறந்து சீறியது.
வந்தது பின்வாங்கவில்லை. முன்னும் வரவில்லை.
கொஞ்சநேரம் இரண்டும்
ஏரிப் பக்கம் எதையோ பார்த்தன.

பிறகு, கழுத்துமயிருக்குள் அலகு.
கொத்துகிற அதே அலகுதான்.
இறகு இறகாக, அவசரமில்லாமல்,
கண்ணோரத்தில்கூட.
சின்னது தலையைத் தாழ்த்தியது.
கண்மேல் வெள்ளைச் சவ்வு ஒன்று
இழுத்து மூடி, மெல்லத் திறந்தது.

அன்பு என்று சத்தியம் செய்யமாட்டேன்.
பேன் பார்த்திருக்கலாம்.
ஆனால் ஏழு நிமிடம். எண்ணினேன்.

எண்ணியதற்குக் காரணம் உண்டு.
செவ்வாய்க்கிழமை டோரீன்
கருகிய தலையணை உறை ஒன்றை
மேரிவிக்கின் முகத்துக்கு நேரே விரித்து
"இதென்ன, உன் வீட்டு அடுப்பா?"
என்று கேட்டபோது
நான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.
மூலையோடு மூலை.
அவ்வளவு நேர்த்தியாக
அதற்கு முன்னும் மடித்ததில்லை, பின்னும் இல்லை.

மேரிவிக் துணிக்கிடங்குக்குள் போனாள்.
துவாலை அடுக்குகளுக்கு நடுவே
ஒரு பிளாஸ்டிக் பை
வெகுநேரம் சரசரத்தது.

வெப்பத்தைக் கூட்டி வைத்தது
நானாகவும் இருக்கலாம்.

நம்மிடம் ஒரே சொல்தான்.
தேத்தண்ணீரையும் ஆற்றுவோம், ஆளையும் ஆற்றுவோம்.
ஆளை எந்த உயரத்திலிருந்து ஊற்றுவது
என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இடைவேளையில் இரண்டு காகிதக் கோப்பை எடுத்தேன்.
ஒன்றிலிருந்து மற்றதற்கு,
மற்றதிலிருந்து இதற்கு.
பாதி மேசையில்.
மேரிவிக் கையுறைக் கிழிசலைத்
தைத்துக்கொண்டிருந்தாள்.
சோப்புத்தூள் அலமாரியைத் திறந்தேன்,
ஒன்றும் எடுக்காமல் மூடினேன்,
ஓர் அடி.

"செவ்வாய்க்கிழமை..." என்றேன்.
"இன்று வியாழன்" என்றாள்
ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

சன்னலில் நான் துடைத்த வட்டம்
மறுபடி வியர்த்துவிட்டது.
போய்விடலாம் என்றிருந்தது.
கோப்பை விரலைச் சுட்டது. நின்றேன்.

"எனக்குத் தேநீர் பிடிக்காது, தெரியுமா?"
ஒன்றரை வருடம் ஒரே அறையில்.
தெரியாது.

ஆனாலும் வாங்கினாள்.
குடிக்கவில்லை.
உலர்த்தி மணியடிக்கும்வரை
இரண்டு கையாலும் பிடித்து
வைத்திருந்தாள்.